சந்தைச் சுவரின் பச்சை மனிதர்கள்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரு பரிசு கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆறு வருஷம் கழித்து உனக்கு எழுதுகிறேன்.

பெருமையடிக்கத்தான் எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நகராட்சியில் சாலைக் கோடு போடும் வேலையை விட்டுவிட்டு இனிமேல் சுவரில் படம்தான் போடப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? பஸ்ஸுக்குக் கிளம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாய். "உனக்கு வெள்ளையும் மஞ்சளும் போதும்டா. ரோட்டோட இரு." அத்தான் முன்னால் சொன்னாய். அவர் செருப்பு மாட்டுவதைப் போலக் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் நான் ஏறாத சாரம் இல்லை. முதலில் ஒரு லாரி ஷெட்டின் பின்சுவர். அடுத்தது பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர். பையன்கள் அதில் கண்டதையும் எழுதுகிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். யானைக் கூட்டம் வரைந்தேன். அதன் மேல் இன்றுவரை யாரும் எழுதவில்லை. பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டி, ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு சுவரில் செய்த தப்பை அடுத்த சுவரில் செய்யாமலிருக்கப் பார்த்தேன், அதுதான் என் படிப்பு. மூன்று மாடி உயரத்தில் மூக்கைச் சரியான அளவில் போட்டால் கீழே நிற்பவனுக்கு அது சப்பையாகத் தெரியும் என்பதை ஒரு முழு மூக்கை அழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

போன வருஷம் மொத்த விலைச் சந்தையின் நீளச் சுவர் கிடைத்தது. நூற்றிருபது அடி. மூட்டை தூக்குகிறவர்கள், தராசுக்காரி, பின்னால் ஒரு பெரிய மரம். அதற்குத்தான் பரிசு. பத்திரிகையில் அரைப் பக்கம் வந்திருக்கிறது, வெட்டி வைத்திருக்கிறேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வரி எனக்குப் பிடிபடவே இல்லை. 'தோலின் நிறத்தையே மறுக்கும் துணிச்சல் இந்தப் பச்சை மனிதர்களுக்கு எங்கிருந்து வந்தது?' என்று எழுதியிருக்கிறார்கள்.

என்ன பச்சை மனிதர்கள்? நான் பச்சையில் யாரையும் போடவில்லை. மனிதரை மனிதர் நிறத்தில்தான் போட்டேன். எனக்குச் சாரம் கட்டுகிறவர் ஒருவர் உண்டு, நெட்டை என்று கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன்.

"என்னய்யா, பச்சைன்னு எழுதியிருக்காங்க?"

"பச்சையாத்தானே இருக்கு. வேணும்னுதானே போட்ட?"

"ஆமா, வேணும்னுதான்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ சாய ஆலையில் நிறம் பார்க்கிறவள். உனக்குத் தெரியாத நிறம் இல்லை. சுவரின் புகைப்படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து எழுது.

தம்பி


பிப்ரவரி 21

என் அருமைத் தம்பிக்கு,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். பரிசுச் செய்தியை அத்தானுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் மூன்றாவது தடவை தானே வாங்கிப் படித்தார். யானை மேல் யாரும் எழுதவில்லை என்ற இடத்தில் சிரித்தார்.

வாசலில் நான் சொன்னதை நீ நினைத்த அர்த்தத்தில் சொல்லவில்லை. வேறு அர்த்தம் இருந்தது. அதை இப்போது எழுத வரவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். பத்திரிகைத் தாளில் எந்த நிறமும் உள்ளபடி வராது. மை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எல்லாம் மாறிப்போகும். எங்கள் ஆலையில் ஒரே துணியைக் காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கடியில் ஒரு தடவை பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம். அப்படியிருக்க, ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? பத்திரிகைக்காரர்கள் ஏதாவது எழுதத்தான் செய்வார்கள். நெட்டைக்கும் வயதாகியிருக்கும். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறாயா?

நடுவில் இரண்டு வரி அடித்திருக்கிறேன். அது சும்மா கைதவறி எழுதியது. வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

அக்கா


மார்ச் 2

அக்கா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ அப்படி எழுதினால் வேறு என்ன செய்வேன்? 'அம்மா' என்று ஒரு வார்த்தை தெரிகிறது. 'சத்தியம்' என்று இன்னொன்று. மற்றதை நன்றாகவே அடித்திருக்கிறாய்.

எனக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு. காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்கு எதிரில் ஒரு பெரிய வெள்ளைச் சுவர். அதில் ஒரு தெரு வேண்டும் என்கிறார்கள். நடக்கிற ஜனங்கள், ஓடுகிற ஜனங்கள். வார்டின் தலைமை டாக்டர் ஒரு பெண்மணி, அளந்துதான் பேசுவார். "சந்தையில பச்சை ஆளுங்க நல்லாத்தான் இருந்தாங்க. ஆனா இங்க வேண்டாம். இங்க பச்சையா ஒருத்தர் நின்னா அவரையும் அட்மிட் பண்ணச் சொல்லுவாங்க. ஆரோக்கியமான நிறமா போடுங்க," என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பலகையில் தோல் நிறம் கலந்தேன். எப்போதும் கலக்கிற மாதிரிதான். கீழ்வீட்டுத் தையல்காரம்மா நூலோடும் துணியோடும் பழகுகிறவர், அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது என்ன நிறம்மா?"

"பாசி நிறம்."

இன்னொன்று கலந்து எடுத்துப் போனேன்.

"இதுவும் பாசிதான் தம்பி. கொஞ்சம் வெளுத்த பாசி. யாருக்கு, ஜன்னலுக்கா?"

பலகை மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன். ஒன்றுதான். அந்தக் கலவையில் கொஞ்சம் ஒரு காகிதத்தில் தடவி இத்துடன் அனுப்புகிறேன். இதில் பத்திரிகை மை எதுவும் இல்லை.

அக்கா, என் கை என்ன நிறம்?

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

உன் கை மாநிறம். வெயிலில் காய்ந்த மாநிறம். ஈரச் செங்கல்லின் மேல் கொஞ்சம் பால் சிந்தின மாதிரி. நீ அனுப்பிய காகிதத்தின் நிறம் அது இல்லை. ஆலையில் ஜன்னலோரம் வைத்து எங்கள் அட்டையோடு ஒப்பிட்டேன். பச்சை வரிசையில் நாற்பத்திரண்டாவது கட்டத்தோடு அப்படியே பொருந்துகிறது.

உனக்குச் சிவப்பும் பச்சையும் மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி தனித்தனியாகத் தெரியாது. பழுப்பும் அப்படித்தான், பச்சையோடு கலந்துவிடும். பிறந்ததிலிருந்தே. எனக்கு இது என் பதினோரு வயதிலிருந்து தெரியும்.

நம் தாய்மாமன் ரயில் என்ஜின் ஓட்டினவர் என்று உனக்குத் தெரியும். வேலையை ஏன் விட்டார் என்று உனக்குச் சொன்னதில்லை. அவர் விடவில்லை. கண் பரிசோதனையில் புள்ளிப் படம் ஒன்றைக் காட்டி எண் கேட்டார்கள், அவருக்குத் தெரியவில்லை. அதற்கு முன் எப்படித் தேறினார் என்று யாருக்கும் புரியவில்லை. கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலைக்கு மாற்றினார்கள். அவர் எட்டு மாதம் நம் வீட்டுப் பின்னறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் குளித்து, தலை சீவி, வெளியே போனவர் வரவேயில்லை.

அடுத்த வருஷம் உனக்கு ஆறு வயது. அம்மா உன்னைச் சிவப்பு நூல்கண்டு எடுத்துவரச் சொன்னாள். நீ பச்சையைக் கொண்டுவந்து கொடுத்தாய். அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "இவனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என் தம்பி மாதிரி உட்கார்ந்துடுவான். உன் தம்பியை நீதான் பாத்துக்கணும்." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து நீ எதை மாற்றி எடுத்தாலும் 'கவனமில்லை' என்றோம். உனக்குக் கவனம் இல்லாமல் இல்லை.

நீ பதினாறு வயதில் நம் வீட்டுப் பக்கச் சுவரில் முதல் படம் போட்டபோது நான்தான் எல்லாம் கலந்து கொடுத்தேன். நான் இருக்கும்வரை சமாளிக்கலாம் என்று நினைத்தேன். கல்யாணமாகி இவ்வளவு தூரம் வந்த பிறகு டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் சமாளிப்பாய் என்று நினைத்தேன். கலவைக்கு லேபிள் கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுக்கச் சாயம் கலப்பதைப் பார்க்கிற எனக்கே தோன்றவில்லை பார். வெள்ளையும் மஞ்சளும் உனக்குக் குழம்பாத நிறங்கள். அதனால்தான் வாசலில் அப்படிச் சொன்னேன்.

அம்மா இறந்த பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு என்னிடம் காரணம் இல்லை.

அக்கா


மார்ச் 19

நீ எழுதியது வந்தது.

கண் டாக்டரிடம் போனேன். புள்ளிப் புத்தகத்தை வைத்தார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு. அடுத்த பக்கங்களில் எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ணை மெதுவாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"இது வியாதி இல்லை. பிறவியிலேயே இருக்கு, நிறையப் பேருக்கு இருக்கு. வண்டி ஓட்டறீங்களா? சிக்னல்ல மேல கீழன்னு பார்த்துக்குங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"பெயின்ட் அடிக்கிறேன்."

"அப்ப கவலை இல்லை. டப்பாவுல எழுதியிருக்கும்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். முப்பத்தெட்டு வருஷத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். காய்ந்த இலை எது, பச்சை இலை எது என்று நான் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வேன். எல்லாருமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குக் கவனமில்லாதவன் என்று பெயர் வைத்தீர்கள். நானும் அதை நம்பி, எல்லாரையும்விட இரண்டு மடங்கு கவனமாக இருந்து பார்த்தேன்.

அந்தச் சுவர்களை யார் போட்டது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் போட்டது ஒன்று. அவர்கள் பார்த்துக் கைதட்டியது வேறொன்று.

நகராட்சியில் பழைய மேஸ்திரியைப் பார்த்துப் பேசிவிட்டேன். திங்கட்கிழமை முதல் கோடு போடப் போகிறேன். நீ ஆசைப்பட்டது நடந்துவிட்டது. இனிமேல் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 2

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன வியாழக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். உன் வீடு பூட்டியிருந்தது. தையல்காரம்மா தண்ணீர் கொடுத்து, "வேலைக்குப் போயிருக்காரு, அந்தப் பாலத்துக்கிட்ட," என்றார். பஸ் ஏறினேன். பாலத்துக்கு முன்னால் நீ இருந்தாய். முட்டி போட்டு உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டின் ஓரத்தைச் சின்னப் பிரஷ்ஷால் நேராக்கிக்கொண்டிருந்தாய். யாரும் பார்க்கப்போகாத ஓரம். எழுந்து கதவுப் பக்கம் போனேன். பஸ் நின்றது, நான் இறங்கவில்லை. இறங்கி என்ன சொல்வது என்று தெரியவில்லை. பஸ் சந்தையில் போய் நின்றது.

உன் சுவரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். உனக்கு யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போ. தராசுக்காரியின் முகம் இளம் பச்சை, முளைவிட்ட பயறின் நிறம். மூட்டை தூக்குகிற மூன்று பேரும் பாசி படிந்த கல். கன்னத்தில் நீ நிழல் என்று வைத்த இடம் கருஞ்சிவப்பு. மரத்தில் பாதி இலை துருப்பிடித்த தகரத்தின் நிறம், மீதி பச்சை, காரணமே இல்லாமல் கலந்து கிடக்கிறது. வானம் சரியான நீலம். சட்டைகளும் சாக்குகளும் சரி, கலக்காமல் டப்பாவிலிருந்து நேராக எடுத்திருப்பாய்.

எங்கள் ஆலைக்கு அப்படி ஒரு துணி வந்திருந்தால் பார்த்த அடுத்த நிமிஷம் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அங்கிருந்து இரண்டு மணி நேரம் நகரவில்லை. நன்றாக இருக்கிறதா, இல்லையா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாகச் சரி, தப்பு என்று மட்டும் சொல்லிச் சொல்லி எனக்கு வேறு எதுவும் தெரியாமல் போயிற்றோ என்னவோ. சுவருக்கடியில் கீரை விற்கிற ஒரு அம்மா இருந்தார். அவரிடம் கேட்டேன்.

"ஏம்மா, இந்த ஆளுங்க ஏன் பச்சையா இருக்காங்க?"

"பச்சையா இருந்தா என்ன? மூட்டை கனக்குது பாரு," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கனத்தது.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

கிழிக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கலாம். உன்னை நான் ஏதாவது திட்டியிருப்பேன். நடுரோட்டில் திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். ஒரு கையில் காகிதம், எதிரில் சுவர். துருப்பிடித்த தகரம் என்று நீ சொன்ன இலை எது என்று தேடினேன். எல்லாம் எனக்கு ஒரே இலைதான். என் சுவரை என்னைத் தவிர ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கோபம் வருமென்று நினைத்தேன். கல்யாண வீட்டில் தெரியாத ஆட்களோடு பந்தியில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

பரிசுக்காரர்களுக்கு உண்மையை எழுதினேன். எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாது, துணிச்சல் எதுவும் இல்லை, வேண்டுமானால் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். பதில் வந்தது. 'நிறங்களைப் பார்க்க மறுக்கும் தங்கள் கொள்கையை அழகான சொற்களில் விளக்கியதற்கு நன்றி, எங்கள் ஆண்டு மலரில் முதல் பக்கத்தில் வெளியிடுகிறோம்.' இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் போனேன், வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்ல. தலைமை டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார்.

"சந்தைச் சுவர்ல என்ன நிறம் போட்டீங்கன்னு உங்களுக்கே தெரியாதா?"

"பாதி தெரியாது, டாக்டர்."

"எனக்குக்கூடப் பாதி எக்ஸ்ரே முதல் தடவையிலே புரியாது. பக்கத்துல ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டிக்குவேன். உங்களுக்கு அப்படி யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

உனக்கு லீவு கிடைக்குமா? மூன்று வாரம். நான் கேட்பதைக் கலந்து கொடுத்தால் போதும். தையல்காரம்மா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது.

தம்பி


மே 11

தம்பிக்கு,

வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டாள். பல்வலி என்றேன். இறங்கும்வரை ஒரு பல் டாக்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நீ அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்க வேண்டாம். "யார் படம் இது?" என்று நீ சாரத்து மேலிருந்து கேட்டபோது, காலைக் கட்டிப் படுத்திருந்தவர்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். நர்ஸ் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் கையிலிருந்த கலக்குகிற குச்சியை டப்பாவில் போட்டுவிட்டு வந்ததைத் தவிர வேறு என்ன செய்வது?

ஆனால் நான்கு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். முதல் மூன்று நாள் சரியாகத்தான் போயிற்று. நீ கேட்டாய், நான் கலந்தேன், லேபிள் ஒட்டினேன். பால்காரர் முகத்தை முடித்துவிட்டு நீ கீழே இறங்கி, "ஆரோக்கியமா இருக்காரா?" என்று கேட்டபோது இரண்டு பேரும் சிரித்தோம். ஆறாம் நாள் நான் உன்னை படத்திலிருக்கும் சிறுமியின் ரிப்பனை மாற்றச் சொன்னேன், சுவரொட்டியை மாற்றச் சொன்னேன், வானத்தையும் இன்னும் கொஞ்சம் வெளிர வைக்கச் சொன்னேன். வானம் உனக்கு நன்றாகத் தெரிகிற நிறம். அதை ஏன் தொட்டேன்?

நான் அங்கே உட்கார்ந்து நிறத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. உன்னைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவைச் சாத்திய நாளிலிருந்து எனக்கு அதுதான் வேலை. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

சுவரில் இடது பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிக்கு நான் வர வேண்டுமா, வேண்டாமா? நீயே சொல். எனக்குத் தெரியவில்லை.

அக்கா


மே 30

அக்கா,

நீ வரவேண்டாம் என்று எழுத ஒரு வாரமாகப் பார்த்தேன். எழுதாமலேயே சுவரை முடித்துவிட்டேன்.

கத்தியது தப்பு. நீ போன பிறகு வார்டில் யாரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் கட்டிலில் இடுப்பு உடைந்த ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார், அவர் மட்டும், "பெரியவங்களை அப்படிப் பேசலாமா?" என்று மறுநாள் காலை வரை காத்திருந்து கேட்டார்.

இடது பாதி நீ கலந்தபடியே இருக்கிறது, தொடவில்லை. வலது பாதிக்கு உன் லேபிள் டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டேன். லேபிள்களைக் கிழித்துப் போடலாமா என்றுகூட நினைத்தேன், கிழிக்கவில்லை. சிலவற்றுக்கு அதைப் படித்தேன். சிலவற்றுக்குப் படிக்காமல், என் கண்ணுக்கு இதுதான் என்று பட்டதைக் கலந்தேன். நடுவில் ஓர் இடத்தில் எது எப்படிக் கலந்தது என்று எனக்கே மறந்துவிட்டது. இப்போது கேட்டால் சொல்ல முடியாது.

தலைமை டாக்டர் வந்து சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்ப நடந்தார். "வார்டுல சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார். உண்மைதான். எந்த ஆள் எங்கே போகிறான், யாருக்கு யார் சொந்தம் என்று கட்டிலுக்குக் கட்டில் வாக்குவாதம் நடக்கிறது. அது பாராட்டா, புகாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து ஒரு படகுத் துறையில் சுவர் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாள் லீவு போட்டிருந்த நகராட்சியில் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மேஸ்திரி, "நீ ரெண்டு தடவை வேலைய விட்ட ஆளு, மூணாவது தடவை கேட்டு வராதே," என்றார்.

நீ ஒரு தடவை வந்து சுவரைப் பார். ஆனால் என்ன நிறம் என்று இப்போது சொல்லாதே. எனக்குத் தெரியவே கூடாது என்பதில்லை. ஒரு நாள் நானே கேட்பேன், அன்றைக்கு ஒன்று விடாமல் சொல். இந்தத் தடவை கேட்கவில்லை.

தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

நீ படகுத் துறைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். நீ பக்கத்தில் நின்றால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய்.

பார்த்தேன். நீ கேட்டுக்கொண்டபடி நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. இந்தக் கடிதத்தில் எதையும் அடிக்கவும் இல்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். மறுபடியும் உன் வேலையில் மூக்கை நுழைக்கிறேனோ என்று பயம். சொல்லாமல் விட்டால் பழையபடி ஆகிவிடுமோ என்று அதைவிடப் பயம். அத்தானிடம் கேட்டேன். "உன் தம்பிகிட்டப் பேச என்னைக் கேக்காதே, நான் ஆறு வருஷம் குனிஞ்சே நின்னாச்சு," என்றார்.

வலது பாதியில், தபால்காரருக்குப் பக்கத்தில், பையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பெண் இருக்கிறாள் அல்லவா? அவளுடைய இடது கையில் கட்டைவிரல் தப்பான பக்கத்தில் இருக்கிறது. முதலில் என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். என் கையில் பையைத் தூக்கி, அவளைப் போலவே வைத்துப் பார்த்தேன். நர்ஸ் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கட்டைவிரல் அந்தப் பக்கம் வர வழியே இல்லை.

மற்றபடி அவள் நன்றாக ஓடுகிறாள்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

கடிதத்தைப் படித்ததும் படகுத் துறை வேலையை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நீ சொன்னது சரி. அவளுக்கு இரண்டு வலது கை.

ஆறு வருஷமாக என் சுவர்களைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூடக் கையைப் பற்றிச் சொன்னதில்லை. இனிமேல் பழைய சுவர்களையெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை பேருக்கு இப்படிச் செய்து வைத்திருக்கிறேனோ தெரியவில்லை.

நெட்டையைக் கூப்பிட்டு மறுபடியும் சாரம் கட்டச் சொன்னேன். ஒரு விரலுக்கா என்றார். ஒரு விரலுக்குத்தான் என்றேன். நான் மேலே ஏறி நின்று பழைய விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் கட்டில் டிரைவர், "அப்பாடா," என்றார்.

"என்னண்ணே?"

"நானும் ஒரு மாசமா அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சொன்னா வருத்தப்படுவீங்களோன்னு விட்டுட்டேன்."

"இனிமே சொல்லிடுங்க," என்றேன்.

உடனே அவர் தபால்காரரின் சைக்கிளைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். சங்கிலியே இல்லையாம். அவர் கைநீட்டிக் காட்டக் காட்ட, பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்துகொண்டார். சாயங்காலம்வரை நான் கீழே இறங்கவில்லை.

கட்டைவிரல் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டது. இப்போது சுண்டுவிரல் கொஞ்சம் நீளமோ என்று தோன்றுகிறது. அடுத்த தடவை நான் ஊரில் இருக்கிற நாளில் வா. வந்து அதையும் ஒரு கண் பார்த்துச் சொல்.

தம்பி